வழக்கு இருக்கிறதா, முடிந்ததா? பீர்மேட்டில் குற்ற வழக்கு ஆவணங்களைத் தேடும் வழி

ஒருவர் மேல் குற்ற வழக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை பீர்மேட்டு மலையில் பல விதமாக வருகிறது. பெண் கொடுக்கப் போகிற வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்கிறார்கள். குமுளியில் சுற்றுலா ஜீப் வைத்திருப்பவர் டிரைவர் எடுக்கிறார். வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பையன் வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுகிறான். போலீஸ் விசாரணையில் பழைய கேஸ் ஒன்று கிடக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் அந்தப் பையனுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தன் மேல் என்ன வழக்கு, அது எந்த நிலையில் நிற்கிறது என்பதே தெரியாமல் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் நிறைய. மற்றவர்களுக்கும் வழி இதேதான்.

அமெரிக்காவில் மாவட்டத்துக்கு இணையான கவுண்டி ஒவ்வொன்றிலும் நீதிமன்ற கிளார்க் அலுவலகம் உண்டு. பெயரைச் சொன்னால் கடுங்குற்ற வழக்குகளைப் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரே கவுன்டர் கிடையாது. ஒரு வழக்கின் தாள்கள் இங்கே பல இடங்களில் கிடக்கும். எஃப்ஐஆர் போலீஸ் ஸ்டேஷனில் பிறக்கிறது. குற்றப்பத்திரிகை மஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகிறது. பெரிய வழக்கென்றால் அங்கிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் அங்கே தீர்ப்பாகிறது. முதல் தாளைப் பார்த்த கையோடு ஆளைப் பற்றி முடிவுக்கு வருவதைப் போல அநியாயம் இந்த வேலையில் வேறில்லை.

2021-இல் வண்டிப்பெரியாற்றில் ஒரு பிஞ்சுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கை இந்த மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எஃப்ஐஆர், கைது, குற்றப்பத்திரிகை எல்லாம் இருந்தன. கட்டப்பனை விரைவு சிறப்பு நீதிமன்றம் 2023 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. புலன் விசாரணையில் இருந்த ஓட்டைகளையும் தீர்ப்பில் எழுதியது. அந்தத் தீர்ப்பால் மலையில் எழுந்த வேதனை சின்னதல்ல. ஆனால் ஆவணம் தேடுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குற்றப்பத்திரிகையோடு நின்றவருக்கு ஒரு விவரம் கிடைத்திருக்கும், தீர்ப்பு வரை போனவருக்கு வேறு விவரம் கிடைத்திருக்கும். தீர்ப்புக்கு மேல் எர்ணாகுளம் ஐகோர்ட்டில் அப்பீல் இருக்கிறதா என்றும் பார்த்தால்தான் தேடல் முடியும்.

எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட்

முதலில் சம்பவம் நடந்த இடத்தையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பது இரண்டாம் பட்சம். பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி, பெருவந்தானம், வாகமண் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனி எல்லை உண்டு. இந்தப் பக்கத்துச் சாதாரண வழக்குகள் பீர்மேடு முதல் வகுப்பு மஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வரும். கொலை, கொலை முயற்சி போல செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்குகள் மஜிஸ்திரேட் கையிலிருந்து மேலே அனுப்பப்படும். இடுக்கி மாவட்டத்துக்குத் தலைநகர் பைனாவு என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது தொடுபுழா பக்கம் முட்டத்தில். கஞ்சா வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றமும் தொடுபுழாவில்தான். இது தெரியாமல் பைனாவுக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

இடுக்கி மாவட்டம் உருவானது 1972 ஜனவரி 26-இல். அதற்கு முன் பீர்மேடு கோட்டயம் மாவட்டத்தோடு இருந்தது. தாத்தா காலத்து நில வழக்கோடு ஒட்டிய கிரிமினல் கேஸ் என்று தேடுகிறவர்கள் கோட்டயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பழைய கட்டுகளை விதிப்படி அழித்திருக்கவும் கூடும்.

எஃப்ஐஆர்

ஸ்டேஷனில் எல்லோரும் 'கிரைம் நம்பர்' என்றுதான் சொல்வார்கள். ஸ்டேஷன் பெயர், எண், ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது முழு விலாசம். எண் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் ஆண்டு இல்லாத கிரைம் நம்பரால் பிரயோஜனமில்லை.

எஃப்ஐஆரைப் போலீஸ் இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7-இல் உத்தரவிட்டது. வழக்கைத் தொடுத்தது யூத் பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் அமைப்பு. இணைய வசதி குறைந்த மலைப் பகுதிகளுக்கு 72 மணி நேரம் வரை தவணை உண்டு. கேரளத்தில் இதற்கான இடம் 'துணா' என்ற போலீஸ் இணையதளம். 'போல் ஆப்' என்ற செயலியும் இருக்கிறது. கைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு மாவட்டம், ஸ்டேஷன், எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் தொடர்பான எஃப்ஐஆர்கள் அங்கே வராது. டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி வேண்டாமென்று உத்தரவிட்டாலும் ஏற்றமாட்டார்கள். ஆகவே தளத்தில் காணோம் என்பதற்கு வழக்கு இல்லை என்று அர்த்தமல்ல.

புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்ஐஆர் நகல் இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதை உடனே கொடுக்கச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஸ்டேஷனில் மனுக் கொடுத்தால் 24 மணி நேரத்தில் தர வேண்டும். கோர்ட்டில் கேட்டால் இரண்டு வேலை நாளில் தர வேண்டும். இவையும் அந்த 2016 உத்தரவில் இருப்பவைதான். ஸ்டேஷனில் இழுத்தடித்தால் அந்த உத்தரவின் தேதியைச் சொல்லியே கேளுங்கள்.

இந்த மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சாராயம், கஞ்சா வழக்குகளை எக்சைஸ் துறையும் போடும். மரம் வெட்டியது, காட்டுப்பன்றி வேட்டை, காட்டுக்குள் நுழைந்தது போன்றவற்றை வனத்துறை தன் ரேஞ்ச் ஆபீசில் 'ஓ.ஆர்.' எண் போட்டு எழுதும். இவை போலீஸ் எஃப்ஐஆர் அல்ல. துணா தளத்தில் எத்தனை தடவை தேடினாலும் கிடைக்காது. பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழ்கிற ஊர்களில் இது பெரிய விஷயம். அந்த வகை வழக்கென்றால் எக்சைஸ் ரேஞ்ச் ஆபீஸ் அல்லது வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் எண்ணை வாங்கிக்கொண்டு நேரே கோர்ட் பதிவுக்குப் போய்விடுங்கள்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் தேடுவது

நாடு முழுவதும் கீழ்க்கோர்ட்டுகளின் வழக்கு விவரம் இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதே பெயருள்ள செயலியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கேரளம், இடுக்கி என்று எடுத்து, நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்துகொண்டால் வழக்கு எண், எஃப்ஐஆர் எண், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர் எதை வைத்தும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாகச் சேர்ந்த சி.என்.ஆர். என்ற ஒரே அடையாளம் உண்டு. அது கிடைத்துவிட்டால் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எந்த ஊரிலிருந்தும் வழக்கின் நிலையைப் பார்த்துவிடலாம்.

எஃப்ஐஆர் எண் கையில் இருந்தால் அதை வைத்துத் தேடுவதே நல்லது. பெயர்த் தேடலில் தமிழர்கள் படுகிற பாடு தனி. நம் ஆட்கள் தலைப்பெழுத்தை முன்னால் போடுவார்கள். இங்கே ஸ்டேஷனில் பெயர், அப்பா பெயர், வயது, வீட்டுப் பெயர் என்ற வரிசையில் எழுதுவார்கள். லயத்துக்கு வீட்டுப் பெயர் ஏது? எஸ்டேட் பெயரையோ டிவிஷன் பெயரையோ எழுதிவிடுவார்கள். அதுவும் மலையாளத்தில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும்போது முருகன் என்ற பெயரில் வரும் 'க' ஆங்கிலத்தில் 'கே' எழுத்தாகவும் பதிவாகும், 'ஜி' எழுத்தாகவும் பதிவாகும். பால்ராஜ், செல்வம், பாண்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முழுப் பெயரை அடித்து 'விவரம் இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் அடித்து, ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நிலுவை, முடிந்தவை, இரண்டும் என்ற தேர்வில் 'இரண்டும்' வையுங்கள். போலீஸ் வழக்கில் அரசோ எஸ்ஐயோ வாதியாக இருப்பார். நீங்கள் தேடுகிற ஆள் எதிர்த்தரப்பில் இருப்பார். பதினைந்து பேர் மேல் போட்ட கேஸில் தலைப்பில் முதல் ஆளின் பெயர்தான் தெரியும். கூட யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்து அந்த முதல் பெயரிலும் தேடுங்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பீர்மேடு தாலுக்காவில் முருகன் ஒருவர் அல்ல. பெயரும் ஸ்டேஷனும் பொருந்தினாலும் அப்பா பெயர், வயது, முகவரி மூன்றையும் தீர்ப்பில் சரிபார்க்காமல் 'அவன்தான் இவன்' என்று சொல்லாதீர்கள். அதை வாட்ஸ்அப்பில் பரப்பினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். அதைவிட, சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தின் கல்யாணம் நின்றுபோகும்.

எல்.பி. என்று போட்டிருந்தால்

வழக்கு எண்ணுக்கு முன்னால் சி.சி. என்றிருந்தால் மஜிஸ்திரேட் கோர்ட்டின் சாதாரண வழக்கு. எஸ்.டி. என்றால் சுருக்க விசாரணை. சி.பி. என்றால் செஷன்ஸுக்கு அனுப்பக் காத்திருப்பது, எஸ்.சி. என்றால் செஷன்ஸ் வழக்கு. எல்.பி. என்று கண்டால் அங்கே நின்று நிதானியுங்கள். நெடுநாள் நிலுவை என்று பொருள். சம்மன் போய், வாரண்ட் போய், ஆள் கிடைக்காதபோது கோர்ட் அந்த வழக்கை இந்தப் பதிவேட்டுக்கு மாற்றி வைக்கும். வழக்கு சாகவில்லை, வாரண்டும் அப்படியே இருக்கும்.

தோட்டத்தில் இது நடக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். கூலிக்காகவும் போனஸுக்காகவும் ரோட்டில் உட்கார்ந்தபோது கூட்டத்தின் மேல் ஒரு கேஸ் விழுகிறது. கம்பெனி மூடுகிறது, குடும்பம் திருப்பூருக்கோ கம்பத்துக்கோ போய்விடுகிறது. சம்மன் பூட்டிய லயத்துக் கதவுக்கு வந்து திரும்புகிறது. மற்றவர்கள் ஆஜராகி வழக்கு நடந்து விடுதலையாகிறார்கள். ஊரில் 'கேஸ் தள்ளுபடி' என்று பேச்சு. வராதவர் பெயரை மட்டும் பிரித்து வேறு எண் போட்டு எல்.பி.யில் வைத்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அரசாங்கம் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்கியதாகச் செய்தி வந்தாலும் அதுவும் போதாது. அரசு வக்கீல் மனுப் போட்டு, கோர்ட் சம்மதித்து உத்தரவு எழுதினால்தான் வாபஸ். அந்த உத்தரவின் நகல் இல்லாமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எல்.பி.யில் பெயர் இருந்தால் ஓடி ஒளிய வேண்டாம். வக்கீலோடு தானாகவே கோர்ட்டில் ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி மனுப் போடலாம். ஏர்போர்ட்டில் தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல். கூட இருந்தவர்களின் விடுதலைத் தீர்ப்பு நகலைக் கையோடு கொண்டு போனால் வக்கீலுக்குப் பெரிய உதவி.

பெட்டி கேஸ் எனப்படும் சிறு குற்ற வழக்கு பற்றியும் சொல்லிவிட வேண்டும். 'நூறோ இருநூறோ கட்டிவிட்டு வா' என்று யாரோ சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தவர்கள் 'எனக்குத் தண்டனையே இல்லை' என்று நினைக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட்டில் அபராதம் கட்டியது தண்டனைதான். பதிவில் அப்படித்தான் இருக்கும். படிவத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்டால் அதை மறைக்கக் கூடாது. மறைத்ததற்காக வேலை போனவர்கள் உண்டு.

கவுன்டரில் நகல் கேட்பது

தளத்தில் கிடைக்கும் தீர்ப்பு படிப்பதற்கு உதவும். அலுவலகத்தில் கொடுக்க முத்திரை வைத்த சான்று நகல் வேண்டும். பழைய வழக்குகளுக்குத் தளத்தில் தீர்ப்பே இருக்காது. அப்போது கோர்ட்டின் நகல் பிரிவுக்குப் போக வேண்டும்.

"கேஸ் நம்பர் உண்டோ?" இதுதான் அங்கே முதல் கேள்வி. வழக்கு எண், ஆண்டு, இரு தரப்புப் பெயர், தீர்ப்புத் தேதி, எந்தத் தாள் வேண்டும் என்பதை எழுதிக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுக் கொடுக்க வேண்டும். தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'பிரதி வேணும்' என்று கேட்டுவிடாதீர்கள். மலையாளத்தில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். நகலுக்கு அங்கே 'பகர்ப்பு' என்பார்கள். தீர்ப்பு 'விதி'. 'வெறுதே விட்டு' என்று இருந்தால் விடுதலை, 'சிக்ஷிச்சு' என்று இருந்தால் தண்டனை. மனுவைப் பதிந்தபின் எத்தனை பக்கத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் போடுவார்கள். அந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாங்கிய நகலின் முத்திரையில் மனுக் கொடுத்த நாள், தயாரான நாள் எல்லாம் இருக்கும். அப்பீலுக்கான கெடுவில் நகலுக்குக் காத்திருந்த நாட்கள் கழிக்கப்படும் என்பதால் அந்த முத்திரையைக் கிழியாமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் நகல் பெற உரிமை உண்டு. புதிய சட்டத்தில் அது 404-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 363. வழக்கோடு சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பிரமாணப் பத்திரத்தோடு சொல்லி, கோர்ட் அனுமதித்தால்தான் பெற முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் குறுக்கே போகலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கோர்ட் ஆவணங்களுக்கு அது செல்லாது. கோர்ட் விதிகள் வழியாகவே கேட்க வேண்டும் என்று குஜராத் ஐகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகை பொது ஆவணமல்ல, அதை எல்லோரும் பார்க்கத் தளத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. நிரூபணமாகாத போலீஸ் குற்றச்சாட்டு ஊர் முழுக்கச் சுற்றினால், பின்னால் விடுதலையானவர் எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பார்?

மூடிய கதவுகளும் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், சிறார் நீதிக் குழுமத்தின் வழக்குகள், போக்சோ குழந்தையின் பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றைத் தேடுவதும் வேண்டாம், தெரிந்தாலும் சொல்ல வேண்டாம். சொன்னால் அதுவே குற்றம்.

எல்லை தாண்டிய வழக்குகள்

குமுளிக்கும் கூடலூருக்கும் நடுவே ஒரு செக்போஸ்ட்தான். கோர்ட் பதிவுகளுக்கு நடுவே இரண்டு மாநிலங்கள். லோயர் கேம்பில் நடந்த அடிதடி தேனி மாவட்டத்து வழக்கு. அதை உத்தமபாளையம் கோர்ட்டிலும், இ-கோர்ட்ஸில் தமிழ்நாடு, தேனி என்றும், எஃப்ஐஆரைத் தமிழ்நாடு போலீஸ் தளத்திலும் தேட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்து போகிறவர் பற்றி இடுக்கியில் மட்டும் தேடுவது பாதித் தேடல்.

தேர்தலில் நிற்பவர் என்றால் இவ்வளவு அலைய வேண்டாம். பீர்மேடு சட்டமன்றத் தொகுதியிலோ இடுக்கி மக்களவைத் தொகுதியிலோ நிற்கும் வேட்பாளர் தன் மேலுள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும். தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

பாஸ்போர்ட்டும் சான்றிதழும்

வேலைக்கு ஆள் எடுப்பவர் தானே துப்பறிவதைவிட, வருகிறவரிடமே போலீஸ் சான்று கேட்பது முறை. கேரளப் போலீஸ் இதைக் 'குற்றங்களில் தொடர்பில்லை' என்ற சான்றாகத் தருகிறது. துணா தளத்திலோ போல் ஆப்பிலோ மனுப் போடலாம். வெளிநாட்டு வேலைக்கான சான்று மட்டும் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்துதான் வாங்க வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டே கிடையாது என்று ஏஜெண்டுகள் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. வழக்கு நடக்கிற கோர்ட்டில் வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு உத்தரவு வாங்கலாம். 1993-இல் மத்திய அரசு போட்ட அறிவிக்கை இதற்கு வழி செய்கிறது. கோர்ட் காலம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். அதனால் மனுவிலேயே எத்தனை ஆண்டுக்கு வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

வழக்கு முடிந்தும் ஸ்டேஷன் பதிவில் நிலுவை என்றே காட்டுவதும் நடக்கிறது. அப்போது தீர்ப்பின் சான்று நகலை வைத்து ஸ்டேஷனுக்கும் மாவட்டப் போலீஸ் தலைமைக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அரசு அதிகாரியிடம் குறை சொல்ல அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. கோர்ட் மனுக்கள் மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் தாலுக்கா சட்டப் பணிக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் வக்கீல் இலவசம். போகும்போது கிரைம் நம்பர், வழக்கு எண், பழைய சம்மன் எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் சம்பவம் நடந்த ஆண்டையும் கூட இருந்த ஒருவரின் பெயரையும் சொன்னாலே தேடத் தொடங்கிவிடலாம்.